பதினோரு மணிக் குடை

கிட்ட வந்து உட்கார். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

நம்ம நகரத்தில் பூங்காவுக்கா பஞ்சம்? ஸ்டேஷன் பக்கம் ஒன்று. அங்கே ரயில் கத்தும். மார்க்கெட் பக்கம் ஒன்று. அங்கே மைக் கத்தும். இன்னொன்றில் சிரிப்புப் பயிற்சி என்று நாற்பது பேர் சேர்ந்து கத்துவார்கள்.

காதுக்கு ஓய்வு வேண்டுமென்றால் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பூங்காதான். அதிலும் குளத்தோரம், மூங்கில் மறைவில் கிடக்கிற அந்த ஒற்றை பெஞ்ச்.

பெஞ்சில் ஓர் அட்டை தொங்கும். 'பெயிண்ட் காயவில்லை.'

நாலு மாதமாகத் தொங்கியது.

பார்த்தவர்கள் எல்லோரும் நம்பிவிட்டுப் போனார்கள். மனு ஐயா மட்டும் நம்பவில்லை. போன வருஷக் கடைசியில் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு, பகலில் எரிந்தாலும் மனு. கைப்பையில் எப்போதும் ரெண்டு வெள்ளைத்தாள், நடுவில் ஒரு கார்பன்.

ஒருநாள் காலை நடையில், பெஞ்சை விரலால் தொட்டுப் பார்த்தார். தூசிதான் ஒட்டியது.

"ஏம்மா, நாலு மாசமா காயாத பெயிண்ட் எந்தக் கடையில விக்குது?"

"நிழல் பாருங்க ஐயா, மெதுவாத்தான் காயும்" என்றாள் தோட்டக்காரி.

"தினம் பதினோரு மணிக்குக் குடையை விரிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை இதுல உக்காருதுன்னு வாட்ச்மேன் சொல்றான். அதுக்கு மட்டும் ஒட்டாதோ?"

தோட்டக்காரி, ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்கு மறுபடி தண்ணீர் விட்டாள்.

"பொது பெஞ்சை வாடகைக்கு விடுறியா? இரு, உன்னைக் கவனிக்கிறேன்!"

மூன்றாம் நாள் சரியாகப் பதினோரு மணிக்கு பூங்கா சூப்பர்வைசரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பெஞ்சின் முதுகுக்கு மேலே பெரிய கறுப்புக் குடை. ஆள் தெரியவில்லை.

"உண்மையைச் சொல்லிடு. இல்லைன்னா நாளைக்கே உன்னை ரவுண்டானா செடிக்கு மாத்திடுவேன்" என்று தோட்டக்காரியை மிரட்டினார் சூப்பர்வைசர்.

ரவுண்டானா என்றால் நாலு பக்கமும் பஸ், புகை, ஹாரன். அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டில் உப்புக் கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மனு ஐயா குடையை நோக்கி வேகமாக நடந்தார். தோட்டக்காரி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"ஐயா! தனியா உக்காந்திருக்கிற பொம்பளை முகத்தை எட்டிப் பார்க்கிறது உங்களை மாதிரி பெரிய மனுஷருக்கு அழகா?"

பெரிய மனுஷர் என்றதும் நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வீட்டோட இருக்கார் ஐயா."

"இருக்கட்டுமே, அதுக்கென்ன?"

"குக்கர் எத்தனை விசில்னு எண்ணி நோட்டுல எழுதுறாராம்."

"எழுதினா என்ன தப்பு? நான்கூட எழுதறேன். கேஸ் மிச்சமாகுமில்ல?"

"காய் நறுக்கும்போது பக்கத்துல நின்னு, இது பெருசு, அது சின்னதுங்கிறாராம்."

"ம்... அதை அன்பாச் சொல்லணும்."

"டப்பாவையெல்லாம் இவரே இடம் மாத்தி அடுக்கிட்டு, சர்க்கரை எங்கேன்னு அந்த அம்மாவைத் திட்டுறாராம். குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளியே நின்னு, இன்னும் எவ்வளவு நேரம்னு கேக்குறாராம். ஒரு வாய் காபியைச் சூடாக் குடிச்சு நாலு மாசம் ஆச்சாம் ஐயா!"

குடை லேசாகக் குலுங்கியது.

"பாருங்க, அழுவுது" என்றாள் தோட்டக்காரி.

மனு ஐயாவுக்கு ரத்தம் கொதித்தது. "சே! மனுஷனா அவன்? கட்டினவளை மூச்சு விட விடாம... இப்படியும் ஆம்பளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்க ஐயா" என்றாள் தோட்டக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "தினம் அரை மணி நேரம் யாரும் பேசாத இடம் கிடைக்குமான்னு கேட்டுது. அதான் அட்டை."

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா எந்த விதியில இதை அனுமதிக்கிறது?"

"பொதுமக்கள்ல ஒருத்தர் மனு கொடுத்தா அனுமதிக்கலாம்ல? மனுன்னா இந்த ஊர்ல ஐயாவை விட்டா யாரு?"

அவ்வளவுதான். பேனா வெளியே வந்தது. மேஜை இல்லை. சூப்பர்வைசரைக் குனியச் சொல்லி, அவர் முதுகிலேயே தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். கார்பன் வழியாக நகலும் ஏறியது.

"பதினொண்ணுலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும்னு போட்டுருங்க ஐயா."

"அரை மணி எந்த மூலைக்கும்மா? அப்படிப்பட்ட ஆளோட குடித்தனம் பண்றவளுக்கு ரெண்டு மணி நேரமாவது வேணும்! ஒரு மணி வரைக்கும்னு போடுறேன்."

குடை இன்னும் பலமாகக் குலுங்கியது.

கடைசிப் புள்ளியை ஓங்கிக் குத்தினார். சூப்பர்வைசர் "ஆ" என்றார். அவர் மேஜையில் ஐயாவின் மனுக்கள் ஏற்கெனவே பதினேழு கிடக்கின்றன. பதினெட்டாவதுக்கு அங்கேயே ஒப்புதல் போட்டு, நகலைத் தோட்டக்காரியிடம் கொடுத்து, அசலை மடித்துக்கொண்டு ஓடிவிட்டார்.

"அந்த ஆள் இங்க வந்து தகராறு பண்ணினா என்கிட்ட சொல்லும்மா. உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு, மனு ஐயாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.

அவர் கேட்டைத் தாண்டித் தெரு முனை திரும்பும்வரை தோட்டக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மனுவின் நகலைக் குடைக்குள் நீட்டினாள்.

"இந்தாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கையெழுத்து சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க."