மணலில் இரண்டு வரிசை

படகில் போனவர்கள் நாலே பேர்: பெரியவர், மகன், மருமகள், படகோட்டி. தீவைப் பார்த்தால் அம்மா போன துக்கம் அப்பாவுக்கு ஆறும் என்று மகன் நினைத்தான். இடது காலை இழுத்து இழுத்து, “கொஞ்சம் மெதுவா நடங்களேன்” என்று நாற்பது வருடம் அவர் பின்னாலேயே வந்தவள் அம்மா.

மற்றவர்கள் பவளப்பாறை பார்க்கப் போனார்கள். அலுத்துப்போன பெரியவர் ஆளில்லாத கரையில் தளர்ந்து நடந்தார். திரும்பிப் பார்த்தபோது மணலில் இரண்டு வரிசைத் தடங்கள், பக்கம் பக்கமாக. ஒன்றில் இடது கால் இழுபட்டிருந்தது.

“என்ன மாமா, ஜோடியா நடந்தீங்களா?” படகிலிருந்தே மருமகள் சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பேச்சுக்கு உறவுக்காரர்கள் கண், காது, மூக்கு வைத்தார்கள். மானஸ்தர், தீவில் யாரோ ஒருத்தியோடு கைகோத்துத் திரிந்தாராம்.

மகன் வந்து கேட்டபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கை கோக்கலை. யாரோ ஒருத்தியும் இல்லை.”