பேச்சியின் கைப்பட்டை

பனியன் நகரத்து அரசு மருத்துவமனையில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம்தான். யாருக்குக் கூலி அதிகமோ அவருக்கு முதலில் டோக்கன், அவ்வளவே. கமுதியிலிருந்து பிழைக்க வந்த பேச்சியின் கைப்பட்டையில் பதிந்திருந்த கூலியைப் பார்த்துவிட்டு, வாசல் இயந்திரம் ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னது. இடுப்பிலிருந்த மகள் செண்பகம் காதைப் பொத்திக்கொண்டு துடித்தாள். ஜலதோஷத்துக்கு வந்த, அவள் தையல் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் மேலாளர், அவரும் கமுதிக்காரர்தான், நேரே உள்ளே போனார்.

"அழுதா ஆச்சா? நாங்க தைக்கிறதையெல்லாம் உன் பட்டையில ஏத்துறோம்த்தா. நீயும் ஆபீசராயிரு!" என்றாள் கம்பெனியில் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்த சோலையம்மா.

இருபது பெண்கள் தைத்த துணிக்கான கூலியெல்லாம் பேச்சியின் பெயரில் ஏறியது. நான்காம் நாள் டோக்கன் கிடைத்தது. அதற்குள் செண்பகத்தின் காதில் சீழ் உடைந்து வழிந்திருந்தது.

"இந்தக் காது இனிமே கேக்காது. இவ்வளவு சம்பளம் வாங்குறே, நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்று டாக்டர் சீறினார்.

பேச்சி பட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் அறைந்தாள்.

"இது இருபது பொம்பளைக கூலி, டாக்டரய்யா. இன்னைக்கு அவளுக பட்டையில ஒண்ணுமில்ல. அவளுக பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா, எந்த வருசம் வரச் சொல்லும் உங்க மெஷினு?"