கெட்ட குமாரத்தி

“வேதத்துல கை வைக்கறதுக்கு நீ யாரும்மா?”

பெங்களூர் லிங்கராஜபுரம் சர்ச் ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாடகப் பிரதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற நோயலுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தால் கெட்ட குமாரன் நாடகம். வருஷா வருஷம் அப்பா வேஷம் நோயலுக்குத்தான். சொத்தைத் தின்று தீர்த்துவிட்டுத் திரும்பி வரும் மகனைத் தூரத்தில் கண்டதும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடுவார் பாருங்கள், கல்நெஞ்சுக்காரர்கள்கூட மூக்கைச் சிந்திவிடுவார்கள்.

அவருக்கு அது நடிப்பே இல்லை. அவர் மகன் ராபின், அம்மாவின் வளையல்களை விற்று ரேஸில் விட்டுவிட்டு ஓடிப்போனவன். திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் அவனைக் கட்டிப்பிடித்து, தெருவுக்கே மட்டன் பிரியாணி போட்டவர் நோயல். சபையே மெச்சியது.

இந்த வருஷம் ஸண்டே ஸ்கூல் டீச்சர் சுனிதா ஒரு வேலை செய்துவிட்டாள். மகனைத் தூக்கிவிட்டு மகளைப் போட்டுவிட்டாள். கோபம் வராமல் என்ன செய்யும்?

“குமாரன்னுதான் எழுதியிருக்கு. குமாரத்தின்னு எந்த அதிகாரத்துல இருக்கு? காட்டு, பார்க்கலாம்.”

“எங்கயும் இல்ல அங்கிள். நானா யோசிச்சதுதான்.”

“நீயா யோசிப்பியா? வேதம் என்ன டி.வி. சீரியலா, இஷ்டத்துக்கு மாத்த?”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அங்கிள். நீங்க ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கற சீன் அப்படியேதான் இருக்கு.”

“அட்ஜஸ்ட் பண்ற விஷயமா இது? சொந்தச் சரக்கைச் சேர்த்தா சாபம்னு அதே வேதத்துல இருக்கு, தெரியுமில்ல?”

சுனிதா சின்னப் பெண்தான். ஆனால் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொள்கிற ஜாதி இல்லை.

“அந்தக் கதையே ஆண்டவர் கற்பனை பண்ணிச் சொன்னதுதானே அங்கிள்? அப்படி ஒரு அப்பாவும் கிடையாது, அப்படி ஒரு வீடும் கிடையாது. எதிர்ல உக்காந்திருந்தவங்க மனசுல தைக்கணும்னு சொன்னார். நான் நம்ம சபையில உக்காந்திருக்கறவங்களுக்காகக் கொஞ்சம் மாத்தினேன்.”

நோயலுக்குத் தலைக்கேறிவிட்டது. ஆண்டவர் செய்ததும் இவள் செய்ததும் ஒன்றா? பிரதியை மேஜைமேல் வீசினார்.

“மகன்னா நடிக்கறேன். மகள்னா வேற ஆளைப் பாருங்க. நம்ம சபையில இந்தக் கதையை மாத்தணும்னு யாருக்கு அவசியம்? யார் கேட்டா? அந்த ஆளைச் சொல்லு, இங்கயே விசாரிச்சுடறேன்.”

அவர் போட்டுக்கொள்ள வேண்டிய அங்கியை ஓரமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மனைவி ரெஜினா, ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

“நான்தாங்க கேட்டேன். போன கிறிஸ்மஸுக்கு நம்ம ஸ்டெல்லா கைக்குழந்தையோட வந்து நம்ம வீட்டு கேட்டாண்ட நின்னா. வேற மதத்துப் பையனைக் கட்டினவளுக்கு இங்க இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. நாடகத்துலயாவது நீங்க மகளைப் பார்த்து ஓடறதை ஒரு தடவை பார்த்துடலாம்னு ஆசைப்பட்டேன்.”