காளையைத் திருப்பிய பரம்பரை

ஸ்காட்லாந்தின் எல்லையோரப் பண்ணை அது. தன் மகள் ரோனாவைப் பெண் கேட்டு வந்த ஆங்கிலேய இளைஞன் எட்மண்டை, வாட் டர்ன்புல் வாசலிலேயே மடக்கினார்.

"டர்ன்புல்னா என்ன அர்த்தம் தெரியுமா தம்பி? காளையைத் திருப்பினவன்! ராஜாவை முட்ட வந்த காளையைக் கொம்பைப் பிடிச்சுத் திருப்பின பரம்பரை எங்களுது. இங்கிலாந்துக்காரனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க மாட்டோம்."

"அப்பா, பின்னாடி பாருங்க!" என்று ரோனா அலறினாள்.

கட்டை அறுத்துக்கொண்ட பண்ணைக் காளை தலையைத் தாழ்த்தியபடி பாய்ந்து வந்தது. வாட் ஒரே தாவலில் கல்சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். அவர் மனைவி எல்ஸ்பெத் மட்டும் நகரவில்லை. கையிலிருந்த வாளியால் காளையின் மூக்கில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது திரும்பித் தொழுவத்துக்கே ஓடியது.

எட்மண்ட் எல்ஸ்பெத்திடம் ஓடி வந்தான்.

"டர்ன்புல் வீட்டுக்கு வாழ வந்த உங்களுக்கே இவ்வளவு தைரியமா, அம்மா?"

"வாழ வந்தது நான் இல்லப்பா, அவரு!" எல்ஸ்பெத் சுவர்ப் பக்கம் கை காட்டினாள். "இங்கிலாந்துக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எங்கப்பா ஒத்தைக் கால்ல நின்னார். அதான் எங்க பேரை வெச்சுக்கிட்டு என்னைக் கட்டிக்கிட்டார்."