அந்த அம்மாவின் ராசி

அந்த அம்மா படியேறி வருவதைப் பார்த்ததும் டிராவல்ஸ்காரர் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். அவசரத்தில் மின்விசிறியை மறந்துவிட்டார்.

"ஃபேன் ஓடுதுங்க, ஆள் உள்ளேதான் இருக்காரு" என்று அந்த அம்மா தன் கணவரிடம் சொல்வது காதில் விழுந்தது. வேறு வழியில்லாமல் டிராவல்ஸ்காரர் ஒரு பேனா மூடியோடு எழுந்து நின்று, இத்தனை நேரம் அதைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அந்த அம்மாமேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பயம்தான். தொற்று பரவ ஆரம்பித்த பிறகு அந்த அம்மா மூன்று முறை அவரிடம் விடுமுறைப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார். முதலில் கடற்கரை, பதிவு செய்த மறுநாளே கடற்கரையை மூடிவிட்டார்கள். அடுத்தது மலை, மலைப்பாதைக்குக் குறுக்கே கட்டையைப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது அருவி. அது தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, பார்க்கத்தான் ஒருவரையும் விடவில்லை.

அருவிப் பயணத்தைக் கணவரே காலையில் போன் செய்து ரத்து செய்துவிட்டார். தடை வந்ததென்னவோ அன்று மாலைச் செய்தியில்தான். மனைவியின் ராசி வீட்டுக்காரருக்கே அத்துப்படியாகிவிட்டது போலிருக்கிறது, பாவம் மனிதர் என்று டிராவல்ஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

இன்று அந்த அம்மா உட்காரும்போதே சொல்லிவிட்டார். "இந்தத் தடவை ஏரிக்குப் போறோம்."

டிராவல்ஸ்காரர் கையிலிருந்த பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவருக்கு முதன்முதலாக ஒரு சுற்றுலா அமைந்திருந்தது. நாளை, வெள்ளிக்கிழமை காலை, நாற்பத்திரண்டு பேர் அதே ஏரிக்குக் கிளம்புகிறார்கள்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸுக்குள் கூடு கட்டியிருந்த அணிலைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியேற்றி, காய்கறி விற்கப் போய்விட்ட டிரைவரைத் திரும்பக் கூட்டிவந்து, நாற்பத்திரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட வைத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். இதுவும் நின்றுபோனால் ஷட்டரை இறக்கிவிட்டு அவரும் காய்கறி வண்டி தள்ள வேண்டியதுதான்.

ஆகவே ஏரியைப் பற்றி வாய்க்கு வந்தபடி குறை சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் பச்சையாக இருக்கும் என்றார், கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்றார், படகுக்காரர் முன்கோபி என்றார். அதற்கு நேர் எதிர்த்திசையில் அருமையான பறவைகள் சரணாலயம் ஒன்று இருக்கிறதே என்றும் சொல்லிப் பார்த்தார்.

அந்த அம்மா மசியவில்லை. திங்கட்கிழமை கிளம்பி நான்கு நாள் தங்க, ஏரியைப் பார்த்த மாதிரி பெரிய வீடாக ஒன்று வேண்டும் என்றார்.

"எங்க அண்ணன் குடும்பமும் கூட வருது. எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தாத்தான் விடியக்காலை நாலரைக்கு அண்ணன் எழுப்பிவிட்டு, வரிசையா நிக்க வெச்சு சிரிப்புப் பயிற்சி குடுக்க முடியும். இவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

கணவர் முகக்கவசம் போட்டிருந்ததால் பிடிக்குமா என்பது தெரியவில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அரசுப் பணி என்று எழுதியிருந்தார். மற்றபடி மூன்று பதிவுகளிலும் அவர் வாயைத் திறந்து டிராவல்ஸ்காரர் பார்த்ததில்லை.

இனி தப்ப முடியாது என்று தெரிந்ததும் டிராவல்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினார். ஏரிக்கரை வீடு பதிவாகிவிட்டது. அண்ணனிடம் நல்ல செய்தியைச் சொல்ல அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், டிராவல்ஸ்காரர் இடைவெளி, கிடைவெளி எல்லாவற்றையும் மறந்து கணவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ், அணில், டிரைவர், நாற்பத்திரண்டு மூக்கு என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மா எங்க பதிவு பண்ணினாலும் மறுநாளே அந்த இடத்தை மூடிடறாங்க. நாளைக்கு என் பஸ் பாதி வழியில திரும்பி வந்துச்சுன்னா, நான் அவ்வளவுதான்."

கணவர் சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முதல் முறையாக நேரில் வாய் திறந்தார்.

"உங்க ஆளுங்க என்னிக்குத் திரும்பறாங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சார். ஆறு மணிக்கெல்லாம் பஸ் ஏறிடுவாங்க."

கணவர் தலையாட்டினார். டிராவல்ஸ்காரரின் தோளைத் தட்டிக் கொடுத்து, தைரியமாக பஸ்ஸை அனுப்பும்படி சொன்னார். தட்டிய கையை உடனே சானிடைசர் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து டிராவல்ஸ்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் அந்த அம்மாவும் போனில் அண்ணனும் சேர்ந்து சிரிப்பது உள்ளே வரை கேட்டது.

கணவர் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தை இறக்கிவிட்டு, தன் ஆபீசுக்கு போன் போட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"அந்த ஏரியை இன்னிக்கே மூட வேண்டாம்ப்பா, ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேருந்துன்னு உத்தரவை மாத்தி அடி."