பன்னிரண்டாவது பை

வலது கை தோள்வரை பசுவின் வயிற்றுக்குள் இருந்தது. கன்னம் அதன் விலாவில் அழுந்தியிருந்தது.

அவள் இன்னும் துழாவிக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிப் பண்ணையின் சோதனை மாடு அது. எந்தப் புல் எவ்வளவு செரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே விலாவில் ஓட்டை போட்டு, ரப்பர் மூடி வைத்திருந்தார்கள். புல்லைத் தூளாக்கி, உள்ளங்கை அளவு நைலான் பைகளில் அடைத்து, சங்கிலியில் கட்டி உள்ளே இறக்குவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து, மிச்சத்தை எடை போடுவார்கள்.

பன்னிரண்டு பை போனது. பதினொன்றுதான் வந்தது.

வராதது 217ஆம் எண் புல் இருந்த பை.

ஏழு வருடம் கலப்புச் செய்து, கழித்துக் கழித்து அவள் எடுத்த புல். ஆள் உயரம் வளரும். இலையோ கீரை மாதிரி மெத்தென்றிருக்கும்.

மற்ற பைகளைச் சங்கிலியில் கட்டியது, மாட்டைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள். எல்லாம் இரட்டை முடிச்சு. 217ஐ மட்டும் யாரையும் தொடவிடாமல் இவளே கட்டினாள். ஆசை, அவசரம். ஒற்றை முடிச்சு.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான் இப்போது.

பை உள்ளே எங்கோ வழியை அடைத்துவிட்டது. மாடு அசைபோட்டு மூன்று நாள். காலையில் வந்த டாக்டரும் கையை விட்டுத் தேடினார். வயசான மாடு, அறுத்தால் தாங்காது என்று சொல்லிப் போய்விட்டார்.

கையை உருவினாள். வெறுங்கை.

அழுகை வந்தது. மாட்டுக்காகவா, புல்லுக்காகவா? சீ, அதுகூடத் தெரியவில்லை.

மயிலாத்தாள் தலைச்சுமையோடு வந்தாள். அடுத்த வார எடைக்கென்று விட்டுவைத்திருந்த 217 வரிசையை அப்படியே அறுத்து வந்திருந்தாள். அவள் கேட்கவுமில்லை, இவள் திட்டவுமில்லை. கட்டை அவிழ்த்தாள்.

"ஏனுங் மேடம், இத்தன வருசமா இதும்பட வயித்துல போட்டுப் போட்டுப் பாத்தீங்க. ஒருக்காச்சும் வாயில குடுத்தீங்களா?"

கொடுத்ததில்லை. சோதனை மாட்டுக்கு என்றும் ஒரே தீவனம். மாற்றினால் முடிவு கெட்டுவிடும்.

இவள் ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினாள்.

செவலைப் பசு முகர்ந்தது. நாக்கைச் சுழற்றி ஒரு புல்தாளை மட்டும் இழுத்தது.

தாள் வாயோரம் தொங்கியது.

"மெல்லு கண்ணு," என்றாள் மயிலாத்தாள்.

இருவரும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவளை அறியாமல், இவள் வாய் மென்றுகொண்டிருந்தது.