புகையை மோந்து பார்த்த சென்சார்

ஒரு பழைய டாக்சியின் புகைக்குழாயில், புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வெர்ட்டரும், அதற்குப் பின்னால் அந்தப் புகையை மோந்து பார்க்கிற சென்சாரும் குடியிருந்தன.

"புகை அப்படியே வருதே அண்ணே, உங்களுக்கு முடியலையா?" என்றது சென்சார்.

"முடியாமப் போயி நாளாச்சு. சொல்லிடாதப்பா, என்னைக் கழட்டிடுவாங்க."

நாளெல்லாம் சூட்டில் வெந்த சென்சாருக்கு வாயைத் திறக்கவே அலுப்பு. ஆனாலும் மோந்ததை மறைக்க அதுக்குத் தெரியாது. சொல்லிவிட்டது. டிரைவர் முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மெக்கானிக் தங்கப்பழம் கோளாறு காட்டுகிற மிஷினை வண்டியில் சொருகிப் பார்த்தார். புகார் சொன்ன சென்சாரின் பேர் அதில் வந்தது.

"சென்சார் போச்சுண்ணே, மாத்திடுவோம்" என்று அதைக் கழட்டிப் பழைய சாமான் டப்பாவில் போட்டார்.

அங்கே ஏற்கெனவே ரெண்டு சென்சார் கிடந்தன. ஒன்று மெல்ல நகர்ந்து இடம் விட்டது.

"வாப்பா. அந்த டாக்சிதானே? நீயும் உள்ளதைத்தான் சொன்னியா?"